இந்தப் படுக்கை யார் கணக்கில்?

1948 ஜூலை 5. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். பிறந்த நாள் என்று அந்தத் தேதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே நாளில் தேசிய உதவிச் சட்டம் என்ற இன்னொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. முதுமையாலோ இயலாமையாலோ பிறர் கவனிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு இடமும் பராமரிப்பும் தரும் பொறுப்பை அது உள்ளாட்சிக் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவருக்குச் செலவில்லை. கவுன்சில் இல்லத்தில் தங்கியவர் தம் வசதிக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். நோய் இந்தப் பக்கம், தள்ளாமை அந்தப் பக்கம் என்று அன்று ஒரு கோடு விழுந்தது. இங்கிலாந்தின் சமூகப் பணியாளர்கள் இன்றும் அந்தக் கோட்டின் மேல்தான் வேலை செய்கிறார்கள். அன்று ஒவ்வொருவரும் தனியாக நின்றார்கள். இன்று பல கவுன்சில்களில் அவர்களுக்குப் பின்னால், அந்தக் கோட்டைப் பற்றிய தகராறுகளுக்கென்றே ஒரு சிறப்புக் குழு நிற்கிறது.

முதல் முப்பது ஆண்டுகளில் கோடு அவ்வளவாக உறுத்தவில்லை. முதியோருக்கான நீண்டகால வார்டுகள் இருந்தன. பக்கவாதம் வந்து படுக்கையில் திரும்பிப் படுக்கவும் முடியாமல் போனவர் அங்கே ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். அவருக்குத் தேவைப்படுவது மருத்துவமா, பராமரிப்பா என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. அதற்காக அந்த வார்டுகளை நினைத்து ஏங்குவதற்கும் இல்லை. வரிசைக் கட்டில்களும் பகலிலும் மாறாத இரவு உடையும், பெயர் சொல்லி அழைக்காத அலட்சியமும் அங்கே இருந்தன. 1967-இல் பார்பரா ராப் வெளியிட்ட நூல் அவற்றைத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கட்டில் உறுதி, கண்ணியம் உறுதியில்லை என்பதே அந்தக் காலத்தின் நிலை.

அந்த வார்டுகளுக்கு வந்துபோன சமூகப் பணியாளருக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1895-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணி ‘ஆமனர்’ என்ற பதவியில் அமர்ந்தார். இலவச சிகிச்சைக்கு வருகிறவர்களில் யாரால் பணம் கொடுக்க முடியும், யாரால் முடியாது என்று விசாரிப்பது அந்தப் பதவியின் முதல் வேலை. என்.எச்.எஸ். வந்ததும் அந்த வேலை ஆமனர்களின் தோளிலிருந்து இறங்கியது. நோயாளியின் வீடு, வேலை, குடும்பம் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும் என்றானது. 1974-இல் மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள் கவுன்சில் ஊழியர்களானார்கள். சம்பளம் தரும் இடம் மாறினாலும் மேசை வார்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மருத்துவரோடும் வார்டு சிஸ்டரோடும் தேநீர் குடிக்கும் நேரத்தில் பல சிக்கல்கள் தீர்ந்தன.

எண்பதுகளில் நீண்டகால வார்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தனியார் இல்லங்கள் பெருகின. அங்கே தங்கியவர்களுக்காகச் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து போன தொகை 1979-இல் சுமார் 1 கோடி பவுண்டு. 1989-இல் அது 100 கோடியைத் தாண்டியிருந்தது. இந்தக் கணக்கைக் கண்டு மிரண்ட அரசு 1990-இல் சட்டம் இயற்றி, 1993 ஏப்ரல் முதல் மதிப்பீடும் செலவும் கவுன்சிலின் பொறுப்பு என்றது. 1948-இல் மருத்துவமனையை விட்டுப் போன பணக் கேள்வி சமூகப் பணியாளரின் கைப்பையில் ஏறித் திரும்பி வந்தது அப்போதுதான்.

தொண்ணூறுகளின் சமூகப் பணியாளர் எப்படி வேலை செய்தார்? வார்டிலிருந்து தொலைபேசி வரும்: “டாக்டர் பார்த்துவிட்டார், செய்ய வேண்டிய சிகிச்சை முடிந்தது, நர்சிங் ஹோம் பாருங்கள்.” அவர் போவார். நோயாளியின் மனைவியை உட்கார வைத்து, சேமிப்பு எவ்வளவு, வீடு யார் பெயரில் என்று கேட்பார். 1996 வரையான விதிப்படி, 8,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பிருந்தால் கவுன்சில் உதவி கிடையாது. தனியாக வாழ்ந்தவர் என்றால் வீட்டின் மதிப்பும் கணக்கில் சேரும். இத்தனை நோயோடு இருப்பவரின் செலவை என்.எச்.எஸ். ஏன் ஏற்கக் கூடாது என்ற கேள்வி அந்த அறையில் எழுந்ததே அரிது. எழுந்தாலும் விடை சொல்ல ஆளில்லை. சிகிச்சை முடிந்தது என்று மருத்துவர் சொன்னால், என்.எச்.எஸ்.ஸின் பொறுப்பும் முடிந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதை முதலில் அசைத்தது 1994-இல் வந்த ஓர் அறிக்கை. லீட்ஸில் மூளையில் கடும் பாதிப்போடு அசைவற்றுக் கிடந்த ஒருவரை, மருத்துவமனையில் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று நர்சிங் ஹோமுக்கு அனுப்பிவிட்டார்கள். செலவு மனைவியின் தலையில் விழுந்தது. சுகாதாரச் சேவை ஆம்புட்ஸ்மன் விசாரித்து, இது சுகாதார ஆணையத்தின் கடமைத் தவறு என்றார். அடுத்த ஆண்டு அரசு ஒரு வழிகாட்டுதலை அனுப்பியது. ஒவ்வொரு சுகாதார ஆணையமும் தனக்கென்று தகுதி விதிகளை எழுதிக்கொள்ளலாம் என்றது அது. எழுதிக்கொண்டார்கள். ஒரே நோய், ஒரே தேவை, ஆனால் ஆற்றுக்கு இந்தக் கரையில் இலவசம், அந்தக் கரையில் வீட்டை விற்க வேண்டும் என்ற நிலை உருவானது.

1999-இல் கோக்லன் வழக்கு. 1971-இல் நடந்த சாலை விபத்தில் கை கால் செயலிழந்த பமீலா கோக்லனுக்கு, எக்ஸிடரிலுள்ள மார்டன் ஹவுஸில் விரும்பும்வரை வாழலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு அந்த இல்லத்தை மூட முடிவெடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதோடு கோடு எங்கே விழுகிறது என்பதையும் சொன்னது: தங்குமிடத்தோடு ஒட்டிவரும் சிறு செவிலியர் பணி, ஒரு கவுன்சிலிடம் எதிர்பார்க்கத்தக்க தன்மையுடையது என்றால் மட்டுமே கவுன்சில் செய்யலாம். அளவிலோ தன்மையிலோ அதைத் தாண்டினால் பொறுப்பு என்.எச்.எஸ்.ஸுடையது. இன்று சிறப்புக் குழுவிலிருக்கும் ஒருவர் எழுதும் ஆட்சேபக் கடிதத்தில் இந்த வரையறை எப்படியும் வந்துவிடும். கோக்லனின் தேவைகளையே இன்றைய படிவத்தில் நிரப்பினால் தகுதி கிடைக்குமா என்று வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி என்றே நானும் நினைக்கிறேன்.

நாடு முழுவதற்கும் ஒரே விதி வர 2007 அக்டோபர் ஆயிற்று. பராமரிப்புச் செலவு முழுவதையும் என்.எச்.எஸ். ஏற்கும் ஏற்பாடான கன்டினியூயிங் ஹெல்த்கேர், சுருக்கமாக சி.எச்.சி., அன்றுதான் இங்கிலாந்து முழுவதற்குமான ஒரு தேசியச் சட்டகத்தின்கீழ் வந்தது. தகுதி பெறாமல் நர்சிங் ஹோமில் இருப்பவர்களின் செவிலியர் பணிக்கு மட்டும் என்.எச்.எஸ். ஒரு தொகை தருகிறது. அது 2007-இல் வாரம் 101 பவுண்டு, 2025–26-இல் 254.06 பவுண்டு. நர்சிங் ஹோமின் வாரக் கட்டணமோ ஆயிரம் பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. கவுன்சில் உதவி பெறுவதற்கான சேமிப்பு வரம்பு 2010-இலிருந்து 23,250 பவுண்டிலேயே நிற்கிறது. தகுதி உண்டா இல்லையா என்ற ஒரு முடிவில் ஒரு குடும்பத்தின் வீடு இருக்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

இனி இன்றைய கூட்டத்துக்கு வருவோம். நர்சிங் ஹோமின் சிறிய அறை, அல்லது கணினித் திரை. என்.எச்.எஸ். தரப்பில் ஒரு நர்ஸ் மதிப்பீட்டாளர், கவுன்சிலின் சமூகப் பணியாளர், மகளோ மகனோ, இல்லத்தின் நர்ஸ். நடுவில் முடிவெடுக்க உதவும் படிவம். மூச்சு, உணவு, கழிவுக் கட்டுப்பாடு, தோல், நடமாட்டம், பேச்சுத்தொடர்பு, மனநிலை, அறிவாற்றல், நடத்தை, மருந்துகள், நினைவு தப்புதல் என்று 11 துறைகள், எதிலும் அடங்காத தேவைகளுக்கு 12-ஆவதாக ஒன்று. ஒவ்வொன்றிலும் தேவை இல்லை, குறைவு, மிதம், அதிகம் என்று படிகள், சிலவற்றில் மட்டும் அதற்கு மேல் கடுமை. மூச்சு, நடத்தை, மருந்து, நினைவு தப்புதல் ஆகிய நான்கில் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே ‘முன்னுரிமை’ என்று ஒரு படி. ஒரு முன்னுரிமையோ இரண்டு கடுமையோ வந்தால் தகுதி தெளிவு. மற்றவர்களுக்கு, தேவைகளின் இயல்பு, தீவிரம், சிக்கல், முன்கூட்டிச் சொல்ல முடியாமை ஆகிய நான்கையும் சேர்த்து எடைபோட வேண்டும். வாதம் நடப்பது அந்த இடத்தில்தான்.

தோல் என்ற துறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். “படுக்கைப் புண் இல்லை, தோல் நன்றாக இருக்கிறது, குறைவு என்று போடலாமா?” என்று கேட்கிறார் மதிப்பீட்டாளர். பழக்கமில்லாத சமூகப் பணியாளர் தலையாட்டிவிடுவார். புண் இல்லைதானே. சிறப்புக் குழுவிலிருந்து வந்தவர் சுவரோரம் தொங்கும் கோப்பை எடுத்து, புரட்டிப் படுக்க வைத்த குறிப்புத் தாளை மேசையில் வைப்பார். இரவு பத்து மணி, இடப்பக்கம், இரண்டு பேர். பன்னிரண்டு மணி, வலப்பக்கம், இரண்டு பேர். இரண்டு மணி, நான்கு மணி. காற்று மெத்தையின் அழுத்த அளவு, குதிகாலில் சிவப்பு கண்ட நாள், புண் கவனிப்புக்கான டிஷ்யூ வயபிலிட்டி நர்ஸ் வந்துபோன நாள். புண் இல்லாமலிருப்பது இத்தனை பேரின் இரவு உழைப்பால். நன்றாகக் கவனிக்கப்படும் தேவையும் தேவைதான், கவனிப்பு நன்றாக இருப்பதைக் காட்டி அதைக் குறைத்து எழுதக் கூடாது என்று தேசியச் சட்டகமே சொல்கிறது. பல தகுதிகள் இந்த விதியைத் தெரிந்தவர் ஒருவர் அறையில் இருந்ததால் கிடைத்தவை. அவர் இல்லாததால் கிடைக்காமல் போனவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சிறப்புக் குழுக்கள் பெரிதாக இருப்பதில்லை. சில சமூகப் பணியாளர்கள், சில இடங்களில் கவுன்சிலே நியமித்த ஒரு நர்ஸ், கணக்குக்கு ஒருவர். சக பணியாளர்களுக்குப் பயிற்சி தருவது, முழு மதிப்பீடு தேவையா என்று பார்க்கும் முதல்நிலைப் படிவத்தைச் சரிபார்ப்பது, சிக்கலான கூட்டங்களுக்கு உடன் போவது, பரிந்துரையில் உடன்பாடில்லை என்றால் காரணத்தோடு எழுதுவது, தவறாகக் கவுன்சில் செலுத்திய பணத்தைத் திரும்பக் கேட்பது ஆகியவை அவர்களின் வேலை. முன்பு ஒரு முடிவு வர எத்தனை மாதம் என்று கேட்க வழியில்லை. இப்போது முதல்நிலைப் படிவம் கிடைத்த 28 நாளுக்குள் முடிவு வர வேண்டும். முன்பு மருத்துவர் ஒருவரின் சொல்லே முடிவு. இப்போது குறைந்தது இரண்டு துறையினர் கூடிப் பரிந்துரைக்க வேண்டும். கவுன்சிலின் கருத்தைக் கேட்பது என்.எச்.எஸ்.ஸின் கடமை.

இந்தக் குழுக்களின் இன்னொரு பாதி வேலை மனநலச் சட்டத்தின் பிரிவு 117. இதன் கதை வேறு.

ஐம்பதுகளின் நடுவில் இங்கிலாந்து, வேல்ஸ் மனநல மருத்துவமனைகளில் சுமார் 1,50,000 பேர் இருந்தார்கள். இன்று இங்கிலாந்தின் என்.எச்.எஸ். மனநலப் படுக்கைகள் 20,000-க்கும் கீழ். வடக்கு லண்டனில் 1851-இல் திறந்த கோல்னி ஹேட்ச், பின்னாளில் ஃப்ரையர்ன் மருத்துவமனை என்று பெயர் மாறி 1993-இல் மூடப்பட்டது. இப்போது அது விலையுயர்ந்த குடியிருப்பு. வெளியே வந்தவர்களை யார் பார்ப்பது? 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பற்றிக் கட்டாயமாக எதுவும் சொல்லவில்லை. 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 117-ஆம் பிரிவுதான், பிரிவு 3-இன்கீழும் வேறு சில பிரிவுகளின்கீழும் கட்டாயமாகச் சிகிச்சைக்கு வைக்கப்பட்டவர்களுக்கு, வெளியேறிய பின் கவனிப்புத் தருவதைச் சுகாதாரத் துறைக்கும் கவுன்சிலுக்கும் பொதுவான கடமையாக்கியது.

சட்டம் வந்தபின்னும் பல கவுன்சில்கள் அந்தக் கவனிப்புக்குக் கட்டணம் வாங்கின. மற்ற இல்லவாசிகளுக்குக் கொடுக்கும் அதே பில் இவர்களுக்கும் போனது. மேசையிலிருந்த பணியாளருக்கு வேறுபாடு தெரியவில்லை, அல்லது கேட்க யாருமில்லை. 2002-இல் ஸ்டெனெட் வழக்கில் பிரபுக்கள் சபை, 117-இன் கீழ் தரும் சேவைக்குக் கட்டணம் வாங்கவே முடியாது என்று தீர்ப்பளித்தது. பிறகு கவுன்சில்கள் பழைய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவரைச் சிறைப்பட்டவர் போலக் கட்டாயத்தில் வைத்துவிட்டு, வெளியே வந்ததும் அதன் தொடர்ச்சிக்கு அவரிடமே பில் கொடுத்தது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

இந்த உரிமை தானாகக் காலாவதியாவதில்லை. இரு தரப்பும் கூடி, இனித் தேவையில்லை என்று முடிவெடுக்கும்வரை நீடிக்கும். அதனால் சிறப்புக் குழுவின் மேசையில் முப்பது ஆண்டுப் பழைய கோப்புகள் வருகின்றன. ஒரு முதியவர் இப்போது மறதி நோயோடு ஓர் இல்லத்தில் கட்டணம் செலுத்தி இருக்கிறார். தொண்ணூறுகளில் மருத்துவமனையில் இருந்தாராம் என்று தங்கை சொல்கிறார். தாமாக வந்து சேர்ந்தாரா? 28 நாள் மதிப்பீட்டுக்கான பிரிவு 2-இன்கீழா? சிகிச்சைக்கான பிரிவு 3-இன்கீழா? மங்கிப்போன ஒரு தட்டச்சுத் தாளில் ஓர் எண். அந்த எண் 3 என்றால், அன்றைய நோய்க்கும் இன்றைய தேவைக்கும் தொடர்பு உண்டென்றால், அவர் கட்டணம் செலுத்தியிருக்கவே கூடாது. தொடர்பு உண்டா என்பதை முடிவு செய்ய 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் ஒரு வரையறை தந்தது. ஒருவர் இரண்டாம் முறை வேறோர் ஊரில் கட்டாயச் சிகிச்சைக்குள்ளானால் எந்த ஊர்க் கவுன்சில் பொறுப்பு என்ற குழப்பத்தை 2023-இல் வூஸ்டர்ஷயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: இரண்டாம் முறை சேர்க்கப்படுவதற்குச் சற்று முன் எங்கே வாழ்ந்தாரோ அந்த ஊர். செலவை என்.எச்.எஸ்.ஸும் கவுன்சிலும் எந்த விகிதத்தில் பகிர்வது என்பதற்கு மட்டும் இன்றுவரை தேசிய விதி இல்லை. சில இடங்களில் பாதிப்பாதி, சில இடங்களில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு.

கிடைத்தது என்ன என்று கேட்டால் சொல்வது எளிது. எழுத்தில் விதி, காலக்கெடு, மேல்முறையீடு, அதைத் தெரிந்த ஆட்கள். போனதைச் சொல்வதுதான் கடினம். 1974-இல் வார்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தவரும் சிஸ்டரும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசினார்கள். இன்று அதே இரண்டு பேர் ஒரு படிவத்தின் இரு பக்கங்களில் அமர்கிறார்கள். கூட்டத்தில் பணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது விதி. எவரும் பேசுவதில்லை, எவரும் மறப்பதும் இல்லை. ஒரு துறைக்குச் சிறப்பாளர் வந்தவுடன் மற்றவர்கள் அந்த அறிவைக் கைவிடுவதையும் காண்கிறேன். “அது சி.எச்.சி. டீம் பார்த்துக்கொள்ளும்” என்ற சொல் எளிதாக வருகிறது. ஆனால் முதல்நிலைப் படிவத்தை யாருக்கு நிரப்ப வேண்டும் என்று கண்டுகொள்ள வேண்டியவர், வீட்டுக்குப் போய் வாசல் மணியை அடிக்கும் சாதாரணச் சமூகப் பணியாளர். அவர் கண்டுகொள்ளாதது குழுவின் மேசைக்கு வருவதே இல்லை.

ஒரே விதி வந்தும் ஒரே நியாயம் வந்துவிடவில்லை. 2015–16-இல் சுமார் 1,60,000 பேருக்கு இந்த நிதி கிடைத்தது, செலவு 310 கோடி பவுண்டு. ஆனால் 50,000 பேருக்கு எத்தனை பேர் தகுதி பெற்றார்கள் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் பகுதிவாரியாகக் கணக்கிட்டபோது, ஓரிடத்தில் 28, இன்னோரிடத்தில் 356. மக்களின் வயதும் நோயும் இடத்துக்கிடம் மாறும்தான். பன்னிரண்டு மடங்குக்கும் மேலான வேறுபாட்டை அது மட்டும் விளக்கிவிடாது.

லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மாமியாரை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். இரவில் எத்தனை முறை எழுந்தாள் என்று எழுதி வைப்பதில்லை. மதிப்பீட்டுக்கு வருகிறவரிடம், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல, “அம்மா நல்லா இருக்கா, நாங்க சமாளிச்சுக்கிறோம்” என்கிறார்கள். அப்பாவின் குழப்பத்தையும் கோபத்தையும் மகன் மொழிபெயர்க்கும்போது பாதி மறைந்துவிடுகிறது. குடும்ப மானம் அது, எனக்கும் புரிகிறது. படிவத்தில் அது ‘தேவை குறைவு’ என்று பதிவாகிறது. அந்த வீடுகளில் நல்ல சமூகப் பணியாளர் செய்வது, இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு வருவது. எப்போது விழித்தார், எப்போது அடித்தார், மாத்திரையை எத்தனை முறை துப்பினார் என்று தமிழிலேயே எழுதுங்கள் என்று சொல்வது. மொழிபெயர்ப்பாளரைக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து கேட்டு வாங்குவது. இதைச் செய்ய வேண்டும் என்று சக பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் குழுவைத்தான் நான் நல்ல குழு என்பேன். கவுன்சிலின் பணத்தை மீட்பதில் மட்டும் கெட்டிக்காரர்களான குழு, மறுபக்க மேசைக்கு இணையான இன்னொரு மேசையாகவே முடியும்.

இந்தக் குழுக்களின் எதிர்த்தரப்பு இப்போது மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. 2013 வரை பிரைமரி கேர் டிரஸ்டுகள், பிறகு இருநூறுக்கு மேற்பட்ட கிளினிக்கல் கமிஷனிங் குழுக்கள் (சி.சி.ஜி.), 2022 ஜூலையில் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள். 2025 மார்ச்சில் அந்த வாரியங்கள் தங்கள் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. பல வாரியங்கள் கூட்டுச் சேர்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் பழகிய நர்ஸ் மதிப்பீட்டாளர் போய்விடுகிறார், உள்ளூர்த் தகராறுகளைத் தீர்க்க எழுதிய உடன்பாடு பெயர் மாறிய அமைப்போடு மறுபடி எழுதப்பட வேண்டியிருக்கிறது. பாதிப்பாதி பகிர்ந்த வாரியமும் தனிக்கணக்குப் பார்த்த வாரியமும் ஒன்று சேர்ந்தால் 117-இன் செலவு எந்த வழக்கப்படி என்பதை யாராவது உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சு முடியும்வரை கையில் இருப்பது தேசியச் சட்டகத்தின் ஒரு விதி: இரு தரப்பில் எவரும் நடப்பிலுள்ள நிதியைத் தன்னிச்சையாக நிறுத்தக் கூடாது, தகராறு நடக்கும்போதும் அந்த மனிதருக்குக் கவனிப்பு தொடர வேண்டும். இப்போது சிறப்புக் குழுக்களிலிருந்து வாரியங்களுக்குப் போகும் கடிதங்களின் முதல் பத்தியில் இருக்க வேண்டியது அந்த விதிதான்.